ஞாயிற்றுக்கிழமை செல்லாத கூப்பன்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் குடும்பத்தோடு சாப்பிடப் போனோம். 800 ரூபாய் பஃபே 499-க்கு என்று ஒரு செயலியில் வாங்கிய கூப்பன்கள் கையில். கல்லாவில் இருந்தவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சண்டே செல்லாதுங்க" என்றார். கூப்பனில் அப்படி ஒரு வரியே இல்லை. கடைசித் தேதி மட்டும்தான் இருந்தது. "சரி விடும்மா, வீட்டுக்குப் போய் களி கிண்டிக்கலாம்" என்றார் மாமியார். நான் விடவில்லை.

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, ஆன்லைனில் விற்கிறவர்கள் குறைதீர்ப்பு அலுவலரின் பெயர், தொடர்பு விவரங்களைத் தளத்திலேயே போட வேண்டும். (பெரும்பாலும் அடியில், பொடி எழுத்தில்!) புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினேன். "ஓட்டலைக் கேளுங்கள்" என்று பதில். பணம் வாங்கியது யாராம்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

அதுவரை போகவில்லை. பணத்தை முதலில் அந்தச் செயலிக்குள் இருக்கும் வாலட்டிலேயே போட்டார்கள். அப்புறம் இன்னொரு மெயில் தட்டி, வங்கிக் கணக்குக்கே வரவைத்தேன்.