"எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதப் பழகியது

நான் அந்தரங்கச் சாதனங்களைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் ஒரு ஜெல். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மாதங்களில் உறவு என்றாலே வலியும் எரிச்சலுமாக இருந்தது. மருத்துவரிடம் சொன்னேன். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும், அதனால் யோனி வறண்டுபோவது சாதாரணம், ஒரு லூப்ரிகன்ட், அதாவது வழவழப்புக்கான ஜெல், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எதை வாங்குவது என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால் விமர்சனங்களுக்குக் குறைவே இல்லை. எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: பட்டுப்போல இருக்கிறது, சொர்க்கம்போல இருக்கிறது, ஐந்து ஸ்டார். எரியுமா? ஆணுறையோடு போடலாமா? சில நிமிடத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளுமா? இதற்கெல்லாம் பதிலே இல்லை. ஐந்து ஸ்டார் வாங்கிய ஒன்றையே வாங்கினேன், போட்டுக்கொண்ட இரண்டாவது நிமிடம் குளியலறைக்கு ஓடிப்போய்க் கழுவினேன்.

ஏன் எரிந்தது என்று புரிய எனக்குப் பல வாரம் ஆனது. அந்தப் புட்டியில் கிளிசரின் நிறைய இருந்தது. கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவை அதிகமானால் ஜெல்லின் செறிவு நம் உடல் திரவத்தின் செறிவைவிடப் பல மடங்கு ஏறிவிடும், அப்போது அது வழவழப்பைக் கொடுக்கிற அதே நேரத்தில் மேல்தோல் செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2012-ல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பில் இந்தச் செறிவு கிலோவுக்கு 380 மில்லிஆஸ்மோலை (திரவத்தில் கரைந்திருப்பவற்றின் செறிவை அளக்கும் அலகு) தாண்டாமல் இருப்பது நல்லது, சந்தையில் உள்ள பெரும்பாலானவை அதைவிட அதிகம் என்பதால் போனால் போகிறது 1200 வரை இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். யோனிக்கான ஜெல்லின் பிஹெச், அதாவது அமிலத்தன்மையின் அளவு, 4.5 அளவில் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. நான் படித்த ஒரு விமர்சனத்திலாவது செறிவு, பிஹெச் என்ற இந்த இரண்டு அளவுகள் இருந்திருந்தால் நான் அதை வாங்கியே இருக்க மாட்டேன்.

சரி, நானே எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். ஆனால் ஆரம்பித்த உடனே நேர்மையாக எழுதிவிட்டேன் என்று சொன்னால் பொய். நாலைந்து பதிவு போனதும் ஒரு விற்பனையாளர் இலவசமாக ஒரு வைப்ரேட்டர் (அதிர்வு தரும் சாதனம்) அனுப்பினார். பிரித்ததுமே புது ஷவர் கர்ட்டன் வாசனை. தொட்டால் பிசுபிசுப்பு. பயன்படுத்திய மறுநாள் லேசாக அரிப்பும் இருந்தது. இருந்தும் "மென்மையானது, முதல்முறை வாங்குகிறவர்களுக்கு ஏற்றது" என்று எழுதினேன். சும்மா அனுப்பியவரை எப்படிக் குறை சொல்வது என்ற தயக்கம், அடுத்ததையும் அனுப்புவார் என்ற ஆசை, இரண்டும்தான். மூன்று வாரம் கழித்து என் நெருங்கிய தோழி போன் செய்தாள். "ஏண்டி, நீ நல்லா இருக்குன்னு எழுதினதாலதானே வாங்கினேன், உனக்கு அரிக்கவே இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவள் அதற்குள் டாக்டரிடம் போய் மருந்து வாங்கியிருந்தாள். அன்று இரவே அந்தப் பதிவை எடுத்துவிட்டு, எனக்கும் அரித்தது, மறைத்துவிட்டேன் என்று எழுதிப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் பொருள் எதனால் ஆனது என்பதை முதலில் பார்க்கும் வழக்கம் வந்தது. ஜெல்லி, ரப்பர், டிபிஇ (ரப்பர் போன்ற மென்மையான பிளாஸ்டிக்) என்று வருபவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும், எவ்வளவு கழுவினாலும் உள்ளே போன கிருமி முழுதாக வெளியே வராது. பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற ரசாயனங்களில் சில ஹார்மோன்களில் குறுக்கிடுபவை, அந்தக் காரணத்தால் ஐரோப்பாவில் குழந்தைகளின் பொம்மைகளில் அவற்றுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கு இருக்கிற அக்கறை, ஒரு பெண் உடலுக்குள் வைக்கும் பொருளுக்கு வெகுகாலம் இல்லாமலே போனது. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் "வேடிக்கைப் பொருள்" என்று அச்சிட்டிருப்பார்கள், பயன்படுத்தி ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்பதுதான் அதன் அர்த்தம். இந்தச் சாதனங்களுக்கென்று ஐஎஸ்ஓ 3533 என்ற சர்வதேசத் தரநிலை வந்ததே 2021-ல்தான், அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் சிலிக்கோன், ஸ்டீல், போரோசிலிகேட் கண்ணாடி, ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்று தெளிவாகச் சொல்லாத எதையும் நான் இப்போது உடலில் வைத்துப் பார்ப்பதில்லை. "உடலுக்குப் பாதுகாப்பானது" என்று மட்டும் போட்டிருந்தால், எதனால் செய்தது என்று எழுதிக் கேட்பேன், பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையே விமர்சனமாகப் போடுவேன். பின்புறத்தில் பயன்படுத்துவதற்கு என்று விற்கும் பொருளுக்கு அகன்ற அடிப்பாகம் இல்லையென்றால் அதோடு நிறுத்திவிடுவேன், மேற்கொண்டு ஒரு வரியும் பாராட்டி எழுத மாட்டேன், அது உள்ளே போய்ச் சிக்கினால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும் விஷயம்.

இன்னொரு தவறையும் திருத்த வேண்டியிருந்தது. என் ஆரம்பப் பதிவு ஒன்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் ஹிஸ்டீரியா (அந்தக் காலத்தில் பெண்களின் நரம்புக் கோளாறு என்று சொல்லப்பட்டது) வந்த பெண்களுக்குச் சிகிச்சை செய்யத்தான் வைப்ரேட்டரைக் கண்டுபிடித்தார்கள் என்ற கதையை ஆசையாக எழுதியிருந்தேன். எல்லோரும் சொல்கிற கதை. 2018-ல் ஹாலி லீபர்மன், எரிக் ஷாட்ஸ்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் கதைக்குக் காட்டப்பட்ட மூல ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, அவற்றில் அப்படி எதுவும் இல்லை என்று எழுதினார்கள். வாய்வழியாக வருவதை நம்பி அப்படியே கடத்துவதில் ஜெல் விமர்சனம் என்ன, வரலாறு என்ன.

ஆனால் பொருள், பிஹெச், வரலாறு எல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. கஷ்டமானது உடல். எல்லோரும் கொண்டாடும் ஒரு சாதனம் என்னிடம் ஒன்றுமே செய்யவில்லை என்றால் அதை எப்படி எழுதுவது? முதலில் என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தேன், அதனால் சுற்றி வளைத்து எழுதினேன். உள்ளே செலுத்துவதால் மட்டும் பல பெண்களுக்கு உச்சம் வருவதில்லை, கிளிட்டோரிஸைத் தூண்டினால்தான் வருகிறது, இது உடலமைப்பு சம்பந்தப்பட்டது, இதில் தோற்பதற்கு ஒன்றும் இல்லை என்று மனதில் படிந்த பிறகுதான் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற வாக்கியத்தைக் கை நடுங்காமல் தட்டச்சு செய்ய முடிந்தது. இப்போது எந்தச் சாதனத்தையும் ஒரே நாளில் முடிவு கட்டுவதில்லை. வெவ்வேறு நாளில் மூன்று முறையாவது பயன்படுத்துவேன். மாதவிடாய்க்கு எத்தனை நாள் முன்னால், தூங்கினேனா, ஏதாவது மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேனா என்று குறித்துவைப்பேன். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் உச்சத்தைத் தள்ளிப்போடும், சிலருக்கு வரவிடாமலே செய்துவிடும். அந்த மாதிரி மாதத்தில் எழுதினால் அதையும் சேர்த்தே எழுதுவேன், படிப்பவர் தன் உடலோடு ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாமல் முடியாது. ஸ்டார் கொடுப்பதை நிறுத்தியதும் இதனால்தான். என் உடம்புக்கு மூன்று ஸ்டார் என்பது இன்னொருத்திக்கு எந்தத் தகவலும் இல்லை. பொத்தான் எங்கே இருக்கிறது, கை வலிக்குமா, கதவைச் சாத்தினால் அடுத்த அறைக்குச் சத்தம் கேட்குமா, அதிர்வு தோலின் மேலேயே கூசுகிற மாதிரியா அல்லது ஆழமாக இறங்குகிற மாதிரியா, இவைதான் உதவும்.

செயலியோடு இணைக்கும் வகை வந்தால் அது என்ன தகவல் கேட்கிறது என்பதையும் பார்க்கிறேன். வீ-வைப் என்ற வைப்ரேட்டரின் செயலி பயன்பாட்டு விவரங்களை நிறுவனத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது 2016-ல் வெளியே வந்தது, மறுவருடம் அந்த வழக்கு பெரிய தொகைக்குச் சமரசமானது. உறவு கொள்வதற்கு மின்னஞ்சல் முகவரி எதற்கு என்று கேட்பதில் தப்பே இல்லை.

என் கணவரிடம் கேட்காமல் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. இருவரும் சேர்ந்து பயன்படுத்தியதை எழுதும்போது முதலில் அவர் படிப்பார், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன், காரணம் கேட்க மாட்டேன். ஒருமுறை நல்ல பத்தி ஒன்று அப்படிப் போயிற்று. அதனால் பதிவு மொட்டையாக இருந்தது, அப்படியே போட்டேன். உடல் என்னுடையது என்றால் நான் எவ்வளவு வேண்டுமானாலும் திறந்து எழுதலாம், அவருடையதை எழுத எனக்கு உரிமை இல்லை.

இலவசமாக வந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்றால் லிங்கின் பக்கத்திலேயே எழுதுகிறேன், பக்கத்தின் அடியில் ஒளித்துவைப்பதில்லை. குறை எழுதிய பிறகு இரண்டு பேர் பொருள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். வருத்தமாகத்தான் இருந்தது, காசு போட்டு வாங்கினால் மாதத்துக்கு ஒன்றுதான் முடிகிறது.

போன வாரம் அதே தோழி மறுபடி போன் செய்தாள். புதிதாக ஏதோ வாங்கியிருக்கிறாள், நான் அதைப் பற்றி எழுதவில்லை. "சிலிக்கோன்னு போட்டிருக்குடி, ஆனா பெட்டியைத் தொறந்ததும் அந்தப் பழைய வாசனை வருது" என்றாள். ஒரு பேப்பரை அதன்மேல் சுற்றி இரவு முழுக்க வைத்துப் பார், மென்மையாக்கச் சேர்த்தது கசிந்தால் எண்ணெய்க் கறை விழும் என்றேன். காலையில் போட்டோ அனுப்பினாள். கறை இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டாள்.