லெட்பதான் குறிப்புகள்: ஒரு மாவட்டமும் அதன் கடைகளும்

2019 ஜனவரி 6, ஞாயிறு

யாங்கோனிலிருந்து பியே போகும் ரயிலில் லெட்பதான் வந்து சேர்ந்தேன். பர்மாவில் முதன்முதலாகப் போட்ட தடம் இதுதான், 1877இல். அன்று ரங்கூன், ப்ரோம் என்று சொல்வார்கள். தொன்சே, தாராவடி, லெட்பதான், மின்லா, ஜிகோன் என்று பழைய தாராவடி மாவட்டத்தின் கடைத்தெருக்கள் எல்லாம் இந்தத் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தன. லெட்பதானிலிருந்து மேற்கே தாராவோ வரை ஒரு கிளைப் பாதை உண்டு. அங்கே இறங்கி ஐராவதி ஆற்றைக் கடந்தால் ஹென்சாடா ஊர்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பர்மாத் தமிழர் என்றதும் நம் எழுத்தில் இரண்டு விஷயம்தான் வரும்: செட்டியார் வட்டிக்கடை, அப்புறம் 1942இல் ஜப்பான் படைக்குப் பயந்து காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தது. நடுவில் அறுபது எழுபது வருடம் இந்த ஊர்களில் முடி வெட்டியவர், துணி வெளுத்தவர், பால் ஊற்றியவர், மனு எழுதியவர், அரிசி மில்லில் கொதிகலன் பார்த்தவர் யாரும் வருவதில்லை. எங்கள் வீட்டில் பால் வியாபாரம். அதைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் படித்ததில்லை. அப்பத்தாவுக்கு இன்னும் நினைவு தெளிவாக இருக்கிறது. அவரிடமிருந்து கேட்டு எழுதிவிட வேண்டும்.

ஜனவரி 7, திங்கள்

வட்டிக்கடையைத் தள்ளி வைத்துவிட்டு இந்த மாவட்டத்தைப் பேச முடியாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு என்று ஒன்று உட்கார்ந்தது. அது எண்ணியபோது பர்மா முழுவதும் சுமார் 1,650 செட்டியார் கடைகள், வெளியே நின்ற பணம் சுமார் 75 கோடி ரூபாய். கீழ் பர்மாவில் ஜனங்கள் நெருங்கி வாழும் பகுதியில் எந்த விவசாயியும் ஒரு நாள் பயணத்தில் ஒரு செட்டியார் கடையை அடைந்துவிடலாம் என்று அந்தக் குழு எழுதியது. அப்படிக் கடைகள் அதிகம் இருந்த மாவட்டங்களில் தாராவடியும் ஒன்று.

உள்ளே எப்படி இருக்கும் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். சிறு பிள்ளையாகத் தூக்குவாளியோடு பின்கட்டு வரை போனவர் அவர். “நாற்காலி மேசை ஒண்ணும் கிடையாதுய்யா. பாய் விரிச்சு, முன்னாடி சாய்வுப்பெட்டி வச்சு உட்கார்ந்திருப்பாக. பெட்டியைத் திறந்தா பேனா, மைக்கூடு, திருநீறு எல்லாம் ஒண்ணா இருக்கும்” என்றார். ஒரே நீளக் கட்டடத்தில் நாலைந்து கடைகள் வரிசையாக இருக்கும். அதுதான் கிட்டங்கி. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே கடையை நடத்தும் மேலாள், அவருக்கு உதவியாக அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். மேலாளுக்கு மூன்று வருடக் கணக்கு. அது முடிந்தால் ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, எடுத்துக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுவார், அடுத்தவர் வருவார். வட்டி வீதத்தை ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள்.

நிலத்தை ஈடு வைத்தால் மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் அளவில் வட்டி. இன்று கேட்டால் அதிகம்தான். ஆனால் கிராமத்து மளிகைக்காரரும் உள்ளூர் பணக்காரரும் வாங்கியது இதைவிட மிக அதிகம். அவர்களில் பலர் செட்டியாரிடம் வாங்கி மேல் வட்டிக்கு விட்டவர்கள். இந்தச் சங்கிலியைப் பார்க்காமல் செட்டியாரை மட்டும் திட்டுவதும் சரியில்லை, அவர் கட்டிய கோயிலை மட்டும் பார்த்துப் பெருமைப்படுவதும் சரியில்லை.

ஜனவரி 9, புதன்

இன்று பசார் முழுக்கச் சுற்றினேன். உள்ளே கடை போட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் பர்மியப் பெண்கள். அந்தக் காலத்திலும் அப்படித்தான். ஙப்பி என்கிற மீன் விழுது, காய்கறி, பட்டு லுங்கி எல்லாம் பெண்கள் கையில். சுற்றியிருந்த கட்டடக் கடைகளில்தான் வெளியூர் ஆட்கள். கண்ணாடிச் சாமான், இரும்புச் சாமான், தாள், பேனா விற்றவர்கள் சூலியா முஸ்லிம்கள், நம் கடற்கரை ஊர்க்காரர்கள். அடகுக்கடையும் சாராயக்கடையும் பெரும்பாலும் சீனர் கையில். இரண்டுக்கும் சர்க்கார் உரிமம் வேண்டும். அடகுக்கடையை ஏலத்தில் எடுக்க வேண்டும். ஆற்றில் மீன் பிடிக்கும் குத்தகையும் ஏலம்தான். ஏலத்தில் எடுத்தவர் போட்ட பணத்தை அந்த வருடத்துக்குள் எடுக்கப் பார்ப்பார். அது கடைசியில் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முடிதிருத்துவது, துணி வெளுப்பது பெரும்பாலும் தெலுங்கர், தமிழர். ரயில்வேயில் தண்டவாளக் கூட்டம் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை இந்தியர்கள். தபாலாபீஸிலும் அப்படியே.

ஜனவரி 12, சனி

கூடை பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நெல் விலையை அன்று நூறு கூடைக்கு இத்தனை ரூபாய் என்றுதான் பேசுவார்கள். காகிதத்தில் ஒரு கூடை 46 பவுண்டு. நடைமுறையில் ஊருக்கு ஊர் கூடை வேறு. இங்கே ஒரு பர்மியப் பெரியவர் வீட்டில் பழைய மூங்கில் கூடை ஒன்றைக் காட்டினார். வாய் அகலம், அடி கொஞ்சம் உள்ளே வளைந்தது, விளிம்பில் பிரம்பு கட்டி, வெளிப்புறம் தார் மாதிரி ஒரு கறுப்புப் பூச்சு. கட்டைவிரலால் விளிம்பை அழுத்திக் காட்டி, “இந்த இடத்தில் பிரம்பு ஒரு சுற்று கூடினால் ஒரு பிடி நெல் கூடும்” என்றார். குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதிலும் சண்டை. மில்லுக்கு நெல் பிடித்துக் கொடுக்கும் தரகர் களத்துக்கே வந்து தன் கூடையில் அளப்பார். விவசாயி சரி என்று தலையாட்டுவார், ஏனென்றால் மழைக்காலத்திலேயே அவரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். சபாபே என்பார்கள் இதை. பயிர் பச்சையாக நிற்கும்போதே நெல்லுக்கு விலை பேசிவிடுவது. அறுவடையில் விலை எங்கே போனாலும் பேசிய விலைதான்.

வட்டியைப் பற்றி இத்தனை எழுதியிருக்கிறார்கள். கூடையைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் இந்த மாவட்டத்தின் கதை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்கு உறுதியாகப் படுகிறது.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். எழுத நேரமில்லை. கூடை காட்டிய பெரியவர் வீட்டுக்குப் பொங்கல் கொடுத்து அனுப்பினோம்.

ஜனவரி 16, புதன்

மாட்டுப் பொங்கல் நாளில் பால் கணக்கை எழுதுவது பொருத்தம்தான்.

அப்பத்தாவின் மாமனார் ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்தவர். முதலில் மில்லில் கூலி. பிறகு ஒரு மாடு, பிறகு நான்கு. அந்தக் காலத்தில் பர்மியர் பசும்பால் குடிப்பது அபூர்வம். வாங்கியவர்கள் ரயில்வேக்காரர்கள், போலீஸ் குடியிருப்பு, செட்டியார் கிட்டங்கி, டீக்கடைகள். கிட்டங்கிச் சமையல்காரருக்குத் தயிர் தோய்க்கவும் மோருக்கும் தினம் பால் வேண்டும். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் பெட்டியடிப் பையன் கண்டுபிடித்துவிடுவான் என்று அப்பத்தா சொன்னார்.

கணக்கு நோட்டு கிடையாது. வாடிக்கை வீட்டுக் கதவு நிலையில் கரிக்கோடு. ஆழாக்குக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. மாத முடிவில் இரண்டு பேரும் நின்று எண்ணி, பணம் கைமாறியதும் ஈரத் துணியால் துடைத்துவிடுவார்கள். செட்டியார் பேரேட்டில் ஒவ்வொரு அணாவும் தங்கியது. எங்கள் கணக்கு மாதாமாதம் அழிந்தது. அதனால்தான் இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

ஆனால் மாதச் சம்பளக்காரர்கள்தான் மாதம் கொடுப்பார்கள். டீக்கடைக்காரர் மாசியில்தான் மொத்தமாகத் தீர்ப்பார், ஏனென்றால் அவருடைய வாடிக்கை வண்டிக்காரரும் அறுப்புக் கூலியும். நெல் விற்றால்தான் அவர்கள் கையில் காசு. எங்கள் மாட்டுக்கு வைக்கோல் பர்மிய விவசாயியிடம் கடன். தவிடு மில்லில் கடன். மாடு வாங்கிய பணம் வட்டிக்கடையில் கடன். மே, ஜூனில் மழை தொடங்கும்போது விவசாயி கடன் வாங்குவார், நாற்று நடும்போது மறுபடி வாங்குவார், டிசம்பர், ஜனவரியில் அறுத்து விற்றுக் கட்டுவார். அந்த ஒரு விற்பனையை நம்பித்தான் ஊரில் வண்ணார் முதல் மேலாள் வரை எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜனவரி 20, ஞாயிறு

1930. அப்பத்தா பிறப்பதற்கு முன். அவருடைய மாமனார் சொல்லிக் கேட்டது.

அந்த வருடம் மே மாதம் பெகுவில் பூகம்பம், அதே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகளுக்கும் பர்மியக் கூலிகளுக்கும் பெரிய கலவரம். அதைவிட மோசமானது சத்தமில்லாமல் வந்தது. உலகச் சந்தை சரிந்து, அந்த அறுவடையில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கடன் பாதியாகவில்லை. தலைவரியும் பாதியாகவில்லை. குடும்பஸ்தனுக்கு 5 ரூபாய், தனியாளுக்கு இரண்டரை ரூபாய், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். வரியைக் குறைக்கச் சொல்லி இந்த மாவட்டத்துக்காரர்கள் தற்காலிக கவர்னரிடம் மனு கொடுத்தார்கள். முடியாது என்றார். மறுநாள், டிசம்பர் 22, ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து சயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி இங்கேதான் வெடித்தது. அவர் ஒரு நாட்டு வைத்தியர். மறு வருடம் தாராவடி சிறையில் தூக்கிலிட்டார்கள்.

பால் வியாபாரத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. தவிடு விலை விழுந்தது, வைக்கோலைச் சும்மாவே எடுத்துப் போகச் சொன்னார்கள். பால் கறக்கச் செலவே இல்லை என்கிற நிலை. வாங்கத்தான் ஆளில்லை. டீக்கடை சாயங்காலமே விளக்கை அணைத்தது. மில் வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை. மாசியில் வர வேண்டிய டீக்கடைப் பணம் வரவேயில்லை. இரண்டு மாடு விற்றார்கள்.

ஜனவரி 23, புதன்

முக்கியமான நெல் மாவட்டங்கள் 13இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். அவர்களுக்கு வேண்டியது நிலமல்ல, ரொக்கம். வயலை வைத்துக்கொண்டு மேலாள் என்ன செய்வார்? கட்ட முடியாதவர்கள் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். இதை நம் பக்கத்தில் அடிக்கடி சொல்வோம், அது உண்மைதான்.

ஆனால் கூடை காட்டிய பெரியவரின் தாத்தா அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். சொந்த வயலில் அடுத்த வருடம் குத்தகைக்காரராக இறங்கினார். அவரிடம் போய் ‘செட்டியாருக்கு நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும்’ என்று சொல்ல முடியுமா? அந்தக் கோபம் செட்டியாரோடு நிற்கவில்லை. பால்காரர் மேலும் வண்ணார் மேலும் விழுந்தது, இந்தியர்களுக்கு எதிராக நடந்த 1938 கலவரத்தில் அதைப் பார்த்தோம். நியாயமில்லாத இடத்தில் விழுந்தது என்பதற்காக, அது எங்கிருந்து கிளம்பியது என்பதை நாம் மறைக்கக் கூடாது.

ஜனவரி 27, ஞாயிறு

யுத்தம். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. வட்டிக்கடைகள் பத்திரத்தையும் பேரேட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பின. யுத்தம் முடிந்து சிலர் அதே பத்திரத்தோடு திரும்பி வந்தார்கள். 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் யாரும் கிளம்பவில்லை. மாட்டை யாரிடம் விடுவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. கடைசியில் ஜப்பான் பட்டாளத்துக்காரர்கள் இறைச்சிக்கு ஓட்டிப் போனார்கள். பணம் வரவில்லை.

திரும்ப ஒரு மாடு வாங்க 1947 ஆயிற்று. கிட்டங்கி பூட்டிக் கிடந்தது. பசாரில் ஙப்பி விற்ற ஒரு பர்மிய அம்மாளிடம் மாமனார் கடன் கேட்டார். ஈடு எதுவும் இல்லை. மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி, அதோடு அந்த அம்மாளின் பேரப்பிள்ளைக்குத் தினம் அரை ஆழாக்குப் பால். பணம் கட்டி முடிக்க மூன்று அறுவடை பிடித்தது.