குழந்தைக்கு ஹெல்மெட், அபராதம் பெரியவருக்கு

சைக்கிள் ஓட்டும் குழந்தைகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கலாமா என்ற விவாதத்தில் நான் பிரான்ஸ் பக்கம். அங்கே 2017 மார்ச் முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்கள், ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்து சென்றாலும், ஹெல்மெட் அணிந்தே ஆக வேண்டும். மீறினால் 135 யூரோ அபராதம். அதைக் கட்ட வேண்டியவர் உடன் வரும் பெரியவர். இதுதான் நியாயம். எட்டு வயதுப் பிள்ளையிடம் சட்டம் பேசி என்ன பயன்?

எதிர்ப்பவர்களின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. 1990 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் எல்லா வயதினருக்கும் இதைக் கட்டாயமாக்கியது; உலகில் அதுவே முதல். தலைக்காயங்கள் குறைந்தன. ஆனால் பதின்வயதினர் பலர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள் என்பதை மெல்பர்ன் கணக்கெடுப்புகள் காட்டின. அந்த இழப்பு எனக்கு வலிக்கிறது. நெதர்லாந்தில் இப்படிச் சட்டமே இல்லை. அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பாதைகளைக் கேட்டு எல்லா ஊரிலும் பெற்றோர் குரல் கொடுக்கத்தான் வேண்டும். அவை வரும் நாள்வரை சிறுவர்களை வெறுந்தலையோடு அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று, வளர்ந்த பிறகும் போடலாம் என்று பெரிய அளவில் வாங்காதீர்கள். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும். பட்டை தாடைக்குக் கீழே இறுக்கமாக நிற்க வேண்டும். பலமாக அடிபட்டதை உடனே மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருந்தாலும் வெளியே தெரியாது.