வயது போகாத நரம்பு

"ஆரடா பின்னாலை அடிச்சது?"

திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை. நீர்வேலிப் பக்கம் ஒரு காணியில் பின்னேர ஓவர்கேம், அதாவது எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டம். வலையோரம் வந்த பந்துக்கு எழும்பத்தான் காலை ஊன்றினேன். 'டப்' என்றொரு சத்தம். இடது குதிகாலுக்கு மேலே மண்வெட்டிப் பிடியால் போட்டதுபோல் இருந்தது. "ஒருத்தரும் அடிக்கேல்லை அண்ணை" என்று பொடியன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோ பெரிதாக இல்லை. நுனிக்காலில் நிற்கத்தான் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்ரர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார். வலது பாதம் அசைந்தது. இடது பாதம் சும்மா கிடந்தது. அவ்வளவுதான் சோதனை. "வயசு?" "46." "46 இலை ஓவர்கேமோ?" அப்புறம் இரண்டு கேள்வி: சலரோகம் இருக்கோ, கிட்டடியிலை அன்ரிபயோட்டிக் ஏதும் எடுத்தனீங்களோ. அறுந்த காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது நினைத்தேன்.

எங்கள் ஊரில் எல்லாமே நரம்புதான். இரத்தம் ஓடுவதும் நரம்பு, சுள்ளென்று இழுப்பதும் நரம்பு, தசையை எலும்போடு கட்டியிருப்பதும் நரம்பு. எனக்கு அறுந்தது கடைசியாகச் சொன்னது, தசைநாண்; குதிகாலில் இருப்பதால் குதிநாண். ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கு மேலான இழுவையைத் தாங்கும் சாமான். பிளாஸ்ரர் போட்டுப் படுத்துக் கிடந்த நாட்களில் அதைப்பற்றித்தான் வாசித்தேன், வேறு வேலை?

தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தசைநாணில் பெரும்பங்கு கொலாஜன் என்ற ஒரே புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும், தும்புக் கயிறு திரித்ததுபோல. ஒவ்வொரு இழையிலும் ஆயிரம் அளவில் அமினோ அமிலங்கள். மூன்றுக்கு ஒன்று கிளைசின், ஏனென்றால் முறுக்கின் நடுவில் இருக்கும் ஒடுக்கமான இடத்தில் அந்தச் சின்னன் மட்டுந்தான் அடங்கும். இந்த முறுக்கைக் கண்டுபிடித்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? சென்னைப் பல்கலைக்கழகத்தில். ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955இல். எக்ஸ் கதிர் படம் எடுக்க அவர்கள் பயன்படுத்தியது கங்காருவின் வால் தசைநாண்! மெட்ராஸில் கங்காரு வால். எனக்கு அந்தச் செய்தியே ஒரு கிழமைக்குப் போதுமாக இருந்தது.

முறுக்குக் குலையாமல் நிற்க விற்றமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் இழைகள் ஒன்றையொன்று சரியாகப் பிடிக்காது. பழைய காலத்துக் கப்பற்காரருக்குப் பல்முரசு கரைந்து, ஆறிய புண்ணே திரும்பத் திறந்தது அதனால்தான்.

ஆனால் என்னை எழும்பி உட்காரவைத்தது 2013இல் டென்மார்க்கில் வந்த ஓர் ஆய்வு. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் காபன்-14 என்ற கதிரியக்கக் காபன் ஏறக்குறைய இரட்டிப்பாகி, 1963க்குப் பிறகு மெல்ல மெல்லக் குறைந்து வந்தது. சாப்பாட்டு வழியாக அது உடலுக்குள்ளும் சேரும். ஆகவே உடலின் ஒரு துண்டில் எவ்வளவு காபன்-14 இருக்கிறது என்று பார்த்தால், அது எந்த ஆண்டில் உருவானது என்று மதிப்பிடலாம். குதிநாணை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். தசை தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. குதிநாணின் உட்பகுதியோ ஏறக்குறைய 17 வயதோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு புதுக் கொலாஜன் அங்கே சேர்வதே இல்லை என்று சொல்லலாம்.

நான் 1978இல் பிறந்தவன். கணக்குப் பாருங்கள். 17 வயது என்றால் 1995. அந்த ஐப்பசியில், போரால் வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த இரவில், நாவற்குழிப் பக்கமாக மூட்டை கட்டிய சயிக்கிளை உருட்டிக்கொண்டு போனபோது என் குதிநாண் கட்டி முடிந்துவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்து ஒடியல் கூழும் முருங்கையிலை வறையும் சேர்ந்து திரித்த கயிறு. அதே கயிற்றில்தான் 46 வயதிலும் எழும்பி எழும்பி அடித்துக்கொண்டிருந்தேன்.

டொக்ரரின் கேள்விகளும் பிறகு விளங்கின. மாறாமல் கிடக்கும் புரதத்தில் இரத்தத்துச் சீனி ஒட்டிக்கொண்டால் அது போவதில்லை. வருடக்கணக்காகச் சேர்ந்து இழைகளைக் குறுக்கே பிணைத்து விறைக்கவைக்கும். அம்மாவுக்கு இருபது வருடச் சலரோகம். காலையில் அவரது மோதிரவிரல் மடங்கினால் 'டக்' என்றுதான் நிமிரும். தோள் ஒரு காலம் இறுகிக் கிடந்தது. இரண்டுமே சலரோகக்காரருக்குக் கூடுதலாக வருபவை. எனக்குச் சீனி இல்லை. ஆனால் அதற்கு முதல் மாதம் சலத்தில் கிருமி என்று சிப்ரோபுளொக்சசின் என்ற அன்ரிபயோட்டிக் குடித்திருந்தேன். அந்த வகை மருந்துகளால் தசைநாண் அறுகிற ஆபத்துக் கூடும் என்று 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் கடுமையான எச்சரிக்கை போடவைத்தார்கள்; 60 தாண்டியவர்களுக்கும் ஸ்ரீரொயிட் எடுப்பவர்களுக்கும் இன்னும் கூட. என் காலுக்கு அதுதான் காரணம் என்று டொக்ரர் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன், தேவையான இடத்தில் அது உயிர் காக்கிற மருந்து. அடுத்த முறை குளிசை எழுதும்போது இந்தக் கதையைச் சொல்லுவேன், அவ்வளவுதான்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் கொலாஜன் மா ஒரு டப்பா அனுப்பியிருக்கிறாள். அம்மாவோ "ஆட்டுக்கால் சூப்பைக் குடி, நரம்பு ஒட்டும்" என்று ஒரே பிடி. இரண்டும் வயிற்றுக்குள் போனால் துண்டு துண்டாக உடைகிற புரதந்தான். முறுக்கோடு கயிறாகக் குதிகாலுக்கு இறங்கிப் போகாது. சூப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொதியில் முறுக்குக் குலைந்து கரைகிறது, ஆறினால் இழைகள் அரைகுறையாகத் திரும்பப் பிணைந்து பாத்திரத்தில் ஜெலி மாதிரி உறைகிறது. அம்மாவிடம் விளக்கினேன். "அதைத்தானே நானும் சொன்னனான், ஒட்டும் எண்டு" என்றார்.

காயத்தில் முதலில் வருவது வேறு வகைக் கொலாஜன், மெல்லியது, ஒழுங்கில்லாமல் கிடப்பது. அதை எடுத்துவிட்டு உறுதியான இழைகளை இழுவைத் திசையில் அடுக்க மாதக்கணக்காகும். ஒரு வருடம் தாண்டியும் நடக்குமாம். இப்போது பிளாஸ்ரர் கழற்றியாயிற்று. இடது சப்பாத்துக்குள் குதிகாலை உயர்த்த மூன்று அடுக்கு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை ஒன்றை எடுக்கலாமாம். பொடியன்கள் விசில் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார்கள், கதிரையில் இருந்தபடியே ஊதச் சொல்லி.