ராத்திரி முழுக்க ஓடும் சோதனை

கிருஷ்ணகிரியில் நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து, சும்மா கிடந்த பழைய லேப்டாப்களில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் போட்டு, அதைப் பாடாய்ப்படுத்தும் சோதனைகளை ஒரே தொகுப்பாக்கி வருகிறோம். ஃப்ரீபிஎஸ்டியின் மூலநிரலோடு ஸ்ட்ரெஸ்2 என்ற தொகுப்பு ஏற்கெனவே உண்டு, நாங்கள் தொடங்கியதும் அதிலிருந்துதான்.

சாதாரண சோதனை, விடை சரியா என்று பார்க்கும். இது அப்படியில்லை. நினைவகத்தைத் தீர்த்துவிட்டு, டிஸ்க்கை நிரப்பிவிட்டு, அதே நேரத்தில் நூற்றுக்கணக்கான ப்ராசஸ்களை ஒரே ஃபைல் மேல் ஏவிவிட்டால்தான், இரண்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒரு லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் உள்ளே விடும் பூட்டு) முட்டிக்கொள்ளும் அந்தப் பிழை வெளியே வரும், அதுவும் ராத்திரி முழுக்க ஓடிய பிறகு ஒரே ஒரு முறை. மறுபடி வரவழைக்க முடியாவிட்டால் யாரும் திருத்த முடியாது. சோதனை எதை எப்போது செய்யும் என்பதைச் சீரற்ற எண்கள் முடிவு செய்கின்றன; அதே தொடக்க மதிப்பைக் கொடுத்தால் அதே எண்கள் திரும்ப வரும். அதனால் அந்த மதிப்பைக் கட்டாயம் பதிவு செய்கிறோம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் விழுந்தால் பதிவும் போய்விடும் என்பதால் அது வேறொரு கணினிக்குப் போகிறது.

அப்புறம், முதலில், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓட்டுங்கள். கெட்டுப்போன ரேம் ஒன்றால் நாங்கள் ஒரு வாரம் கெர்னலைத் தப்பாகச் சந்தேகப்பட்டோம்.

இப்படிச் சோதனைகளை எல்லாருக்கும் பொதுவாக வைப்பதன் பலன் பெரியது. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்காகத் தொடங்கிய எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்பை இன்று எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற வேறு ஃபைல் சிஸ்டங்களின் ஆட்களும் ஓட்டுகிறார்கள். தர்மபுரியில் யாரிடமாவது பழைய கணினி இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.