உலை இருக்கட்டும், இடுக்கி எப்படி?

வீட்டில் அலுமினியம் உருக்கி வார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், மூசையை, அதாவது உலோகத்தை உருக்கும் பாத்திரத்தை, எதால் தூக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். உலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

உலை கட்டுவது பெரிய வேலை இல்லை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஒரு இரும்பு டிரம், உள்ளே செராமிக் ஃபைபர் போர்வை, அதன்மேல் வெப்பம் தாங்கும் சாந்து, பக்கவாட்டில் ஒரு கேஸ் பர்னர். சாந்தை மட்டும் பூசாமல் விடாதீர்கள், போர்வையிலிருந்து பறக்கும் இழைத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். போர்வையை வெட்டும்போதும் தூசுக்கான முகமூடி வேண்டும்.

மூசைக்குப் பலர் பழைய இரும்புப் பாத்திரத்தை எடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. உருகிய அலுமினியம் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே இருக்கும். சுவர் மெலிந்து ஒருநாள் அடி ஓட்டையாகும். களிமண் கலந்த கிராஃபைட் மூசையோ சிலிக்கான் கார்பைடு மூசையோ வாங்கிவிடுங்கள். புதிதாக வாங்கியதைக் காலியாகவே மெல்லச் சூடேற்றி ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் உலோகம் போட வேண்டும்.

சரி, இடுக்கி. விளிம்பை மட்டும் கவ்வித் தூக்கினால் விளிம்பு உடைந்து வந்துவிடலாம். மூசையின் வயிற்றை இருபுறமும் அணைத்துப் பிடிக்கிற மாதிரி வாய் வளைந்திருக்க வேண்டும். அதனால் மூசையை வாங்கிய பிறகே அதன் அளவுக்கு என் இடுக்கியை வளைத்து வெல்டிங் செய்தேன். ஊற்றுவதற்குத் தனியாக, வளையம் வைத்த நீளமான பிடி. நெருப்பு மூட்டும் முன் மூசையில் மணலை நிரப்பி, தூக்கி, நடந்து, சாய்த்து ஊற்றிப் பழகினேன். நீங்களும் அப்படிப் பழகுங்கள்.

தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு சிக்கினாலே உலோகம் தெறித்து மேலே வரும். கலக்கும் கம்பி, கசடு வழிக்கும் கரண்டி, மிச்சத்தை ஊற்றும் இரும்பு அச்சு, எல்லாவற்றையும் முன்பே சூடாக்கி வையுங்கள். வெறும் கான்கிரீட் தரையில் நின்று ஊற்றாதீர்கள், அதற்குள்ளும் ஈரம் உண்டு. காய்ந்த மணலைப் பரப்பி அதன்மேல் வேலை செய்யுங்கள். முகக்கவசம், தோல் மேலங்கி, தோல் காலணி கட்டாயம்.

பித்தளைக்கு அவசரப்பட வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பது. வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். அலுமினியம் நன்றாகக் கைவந்த பிறகு, திறந்தவெளியில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று செய்யுங்கள்.