மூன்று வகுப்பு வரை ஒரு பெல்லட்கூடச் சுடவில்லை

முதல் நாளே பத்து ஷாட்டாவது சுட்டுவிடலாம் என்ற நினைப்பில்தான் துப்பாக்கி சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போனேன். கையில் ஏர் பிஸ்டல் வரவே இரண்டாவது வகுப்பு ஆனது, அதில் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போட நான்காவது. அதுவரை கோச் திரும்பத் திரும்பச் சொன்னது: முனை எப்போதும் டார்கெட் பக்கம், சுடத் தயாராகும்வரை விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, காலி என்று தெரிந்தாலும் நிரப்பியதாகவே நினை.

ஒரு நாள் பக்கத்து லேனில் யாரோ கூப்பிட, பிஸ்டலோடு தோளைத் திருப்பிவிட்டேன். கோச் சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினார்.

"காலிதானே சார்?"

"காலின்னு நெனச்சவங்கதான் தம்பி சுட்டுத் தொலைச்சிருக்காங்க. கீழ வச்சுட்டு வீட்டுக்குக் கிளம்பு."

அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அவர் செய்ததுதான் சரி.

10 மீட்டர் ஏர் பிஸ்டலை ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். அந்தப் பொத்தானை உற்றுப் பார்க்கத்தான் கண் துடிக்கும், பார்க்கக் கூடாது என்பதுதான் பாடமே. கண் ஃபிரண்ட் சைட்டில், அதாவது பிஸ்டல் முனையில் இருக்கும் குறிமுனையில் நிற்க வேண்டும். பின் சைட்டின் பள்ளத்துக்குள் அது நடுவில் உட்கார்ந்து, இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். கறுப்பு வட்டம் மங்கலாகக் கிடக்கட்டும்.

ஏன் என்று கேட்டதற்கு ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. ஃபிரண்ட் சைட் ஒரு மி.மீ. விலகினால் 10 மீட்டரில் அது மூன்று செ.மீ. ஆகிவிடும். நடுவில் விழ வேண்டிய பெல்லட் ஏழில் போய் விழும். சைட் நேராக இருந்து, கை அப்படியே ஒரு செ.மீ. நகர்ந்திருந்தால் ஒன்பது மதிப்பெண்ணாவது கிடைக்கும். கை ஆடுவதை நினைத்துத் தூக்கம் கெட்டுக் கிடந்த எனக்கு அந்தத் தாள் பெரிய ஆறுதல். கை எல்லோருக்கும் ஆடுமாம்.

அப்புறம் வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரை ஃபயர், அதாவது பெல்லட் போடாமல் டிரிகரை அழுத்திப் பழகுவது, தினமும் இருபது நிமிடம். சலிப்பான வேலை, பொய் சொல்லவில்லை. ஆனால் சுவரில் பார்க்க ஒன்றும் இல்லாததால் கண் தானாகவே சைட்டுக்கு வந்துவிடும்.

டிரிகர்தான் என்னைப் படுத்தியது. சைட் ஒரு கணம் நேராகத் தெரிந்ததும் மனசுக்குள் "இப்போ!" என்று ஒரு கத்தல், விரல் வெடுக்கென்று இழுக்கும், பெல்லட் இடது பக்கம் கீழே போய் உட்காரும். நான் இழுக்கவில்லை என்று சாதித்தேன். கோச் வாதாடவில்லை. "நான் நிரப்பித் தர்றேன், நீ சுடு" என்றார். இரண்டு ஷாட் சரியாகப் போயின. மூன்றாவதில் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். எனக்குத் தெரியாமல் ட்ரை ஃபயருக்கு மாற்றியிருக்கிறார். அந்த 'டிக்'கில் ஃபிரண்ட் சைட் கீழே குதித்ததை நானே பார்த்தேன்.

அடுத்து, என் விரலின் மேல் தன் விரலை வைத்து அவரே அழுத்தினார். எப்போது சுட்டது என்றே தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக. பத்து வளையத்தில் துளை. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாத பத்து.

இதற்கெல்லாம் மேல் கஷ்டமானது, சுடாமல் கையை இறக்குவது. குறிபார்க்க ஆரம்பித்துப் பத்து நொடிக்குள் ஷாட் போகவில்லையென்றால் இறக்கி, மூச்சுவிட்டு, மறுபடி தூக்க வேண்டும். போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, அவசரமே இல்லை. தூக்கியாயிற்றே, சுட்டுத் தொலைப்போம் என்ற பிடிவாதத்தில் நான் விட்ட மதிப்பெண்கள் ஏராளம்.

எட்டு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க என்னை நிறுத்தினார் கோச். சைட், மூச்சு, தோள் என்று நான் பேசிக்கொண்டே போக, அவள் முகம் வெளுத்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு, அவள் விரலின் மேல் என் விரலை வைத்து அழுத்தினேன். பெல்லட் ஆறில் விழுந்தது, இடது கீழே.

அவள் திரும்பவில்லை. முனையை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணா, இது நீங்க இழுத்தது."